யாதிராவின் மரம் எது

பஸ் ஆற்றுப்பாலத்தை நெருங்கியதும் என் வீட்டுக்காரர் எவரிஸ்தோ குனிந்து தன் ரப்பர் பூட்ஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். வண்டி தண்ணீரில் விழுந்தால் நீந்திக் கரையேறக் காலில் பாரம் இருக்கக்கூடாதாம். அவருக்கு நீந்தத் தெரியாது.

அவர் இறந்தபின் நடந்த ஒன்பது நாள் ஜெபத்திலும் இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதன்பின் யாராவது ஒருவர் மரத்தின் கதையை எடுப்பார், அதைத் தப்பாகச் சொல்வார். ஒருவர் அவர் பத்து மரம் நட்டதாகச் சொன்னார். இன்னொருவர் மகளுக்காகப் பயந்து வீட்டையே இடித்தார் என்றார். காப்பி ஊற்றிக்கொண்டிருந்த நான் திருத்தவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

நான் ஹுயிகல்பா பட்டணத்தில் ஆசிரியப் படிப்பு முடித்து, இந்த ஊர்ப் பள்ளிக்கு வேலைக்கு வந்தவள். அவருக்குச் சில பசுக்கள், கொஞ்சம் மேய்ச்சல் நிலம். என்னைப் பெண் கேட்டு வந்தார், நான் சரி என்றேன். மறுநாள் காலையில் மறுபடியும் வந்து வாசலில் நின்றார்.

"நேத்து நீ சொன்னது நெசந்தானே ஒத்தில்யா? இல்ல, உங்கப்பா பக்கத்துல நின்னாருன்னு சொன்னியா?"

"நெசந்தான்."

"யோசிச்சுச் சொல்லு. நான் சாயங்காலம் வரேன்."

சாயங்காலமும் வந்தார்.

அவருடைய அக்கா எர்மெலிந்தாவிடம் இதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் பிறந்தபோது விழுந்த தொப்புள்கொடியைப் புதைப்பதற்குள் கோழி கொத்திக்கொண்டு ஓடிவிட்டதாம். "கோழி தின்ன கொடி. அப்புறம் எப்படி இருப்பான்? நெழல் அசைஞ்சாலே படபடன்னுதான் இருப்பான்" என்பாள். அவர் மறுக்கமாட்டார். அதை அவர் நம்பினார் என்பதுதான் விஷயம்.

எங்களுக்கு முதலில் பிறந்தது தங்கவில்லை. அதனால் யாதிரா வயிற்றில் இருக்கும்போதே அவர் அவளுடைய கொடிக்கு இடம் தேட ஆரம்பித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையின் கொடியை மரத்தடியில் புதைப்பார்கள், பெண்பிள்ளையின் கொடியை அடுப்படியில். மரத்தடியில் புதைத்தால் அந்த மரமும் பிள்ளையும் ஒன்று. மரத்துக்கு ஒன்று என்றால் பிள்ளைக்கும் ஒன்று.

"பொண்ணு பொறந்தாலும் மரத்தடியிலதான்" என்றார் எவரிஸ்தோ.

"அடுப்படியில வச்சாத்தான் பொண்ணு வீட்டோட தங்குவா, தம்பி" என்றாள் எர்மெலிந்தா. "மரத்தடியில வச்சா காத்தோட போயிடுவா."

"அடுப்பு தெனமும் அணையுதுல்ல? என் பிள்ள தெனமும் அணையணுமா?"

எர்மெலிந்தா திரும்பி அடுப்பை ஊதினாள்.

மரம் என்றால் தூங்குமூஞ்சி மரம். வேறு எதையும் அவர் யோசிக்கவில்லை. எங்கள் சீமையில் மழை நின்று மாதக்கணக்கில் வெயில் அடிக்கும்போது எல்லா மரமும் காய்ந்து நிற்கும், தூங்குமூஞ்சி மட்டும் குடையை மடக்காது. மடக்கினாலும் சில நாள்தான். மாட்டுக்குப் புல் இல்லாத அந்த நேரத்தில்தான் வெல்லம் மாதிரி இனிக்கும் காய்களை உதிர்க்கும். மழை வரும்போது இலையை மூடிக்கொண்டு தண்ணீரைக் கீழே விடும், அதனால் அடியில் புல் செத்துப்போகாது. நூறு வருஷம் நிற்கும். பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

விதையின் ஓடு கல் மாதிரி இருக்கும். கத்தியால் கீறிப் போடலாம், வெந்நீரில் ஊறவைக்கலாம். எங்கள் ஆட்கள் அந்த வேலையை மாட்டின் வயிற்றுக்கு விட்டுவிடுவார்கள். பசு காயைத் தின்னும், பல்லில் சிக்காத விதை இளகிச் சாணத்தோடு வரும், முதல் மழையில் சாணத்திலேயே முளைத்து நிற்கும். அந்த வருஷம் கோடை முழுவதும் அவர் ஒரு குச்சியோடு எங்கள் பசு பலோமாவின் பின்னால் அலைந்தார். "எதையாவது தொலச்சிட்டீங்களா கொம்பாத்ரே?" என்று பஸ்குவால் வேலிக்கு அப்பாலிருந்து கேட்பார். எங்களுக்குப் பக்கத்து நிலத்துக்காரர் அவர். பிறக்கப்போகும் குழந்தைக்கு அவரே ஞானத்தகப்பன் என்று முடிவாகியிருந்ததால் இருவரும் அதற்குள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள், என்னைப் பஸ்குவால் கொம்மாத்ரே என்பார்.

யாதிரா பிறந்தது மழை தொடங்கிய வாரத்தில். அவளுடைய கொடி விழுந்த அன்று, பஸ்குவாலின் பெரிய தூங்குமூஞ்சியின் அடியில் கிடந்த ஒரு சாணக்குவியலில் முளைகள் எழுந்திருந்தன. அவர் அந்தச் சாணத்தை அப்படியே ஒரு தகரத் துண்டில் ஏந்தி, சூடான ரொட்டித் தட்டைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார். அதில் செழிப்பாக இருந்த இரண்டைப் பிரித்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நட்டார்.

"ஏன் ரெண்டு?" என்றேன்.

"ஒண்ணு பட்டுப்போனா?"

"கொடி ஒண்ணுதானே இருக்கு?"

"நடுவுல பொதைக்கிறேன். எது பொழைக்குதோ அது எடுத்துக்கட்டும்."

பிரசவம் முடிந்து படுத்திருந்தேன், வாதாட உடம்பில் தெம்பில்லை. சுரைக்குடுவையின் ஓட்டில் பஞ்சுவைத்து அதில் கொடியை வைத்து, இரண்டு கன்றுக்கும் சரி நடுவில் புதைத்தார். எங்கள் ஊரில் இதற்கு முன்னும் யாரும் இப்படிச் செய்ததில்லை, பின்னும் இல்லை.

இரண்டும் பிழைத்தன.

முளையாக இருந்தபோது இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. மழைக்காலம் பாதி போனபிறகு, ஒன்றில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வட்டமான சிற்றிலைகள். மற்றொன்றில் புளிய இலையைவிடப் பொடியாக, நெருக்கமாக, சீப்புப் பல் மாதிரி. எர்மெலிந்தா வந்து குனிந்து பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இது காதுமரம்டா! உன் பசு ஓடைப்பக்கம் போய் அந்தக் காயையும் தின்னிருக்கு. அதுக்குத் தெரியுமா, எது உன் பொண்ணுக்குன்னு?"

காதுமரமும் பெரிய நிழல் மரம்தான். காய் மனிதக் காது மாதிரி சுருண்டு கறுப்பாக இருக்கும், அதுதான் பெயர். தூங்குமூஞ்சியைவிட வேகமாக வளரும். ஆனால் மரம் லேசு, கிளை முறியும், கோடையில் ஒரு இலை இல்லாமல் மொட்டையாகிவிடும். பிடுங்கிவிடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

"கொடி அதுல ஏறியிருந்தா?" என்றார் எவரிஸ்தோ.

பிடுங்கவில்லை. இரண்டையும் சேர்த்து முள்வேலி போட்டார். கோடையில் ஒரு தகர டப்பாவின் அடியில் ஆணியால் துளை போட்டு, இரண்டுக்கும் நடுவில் வைத்துத் தண்ணீர் சொட்டவிட்டார். இந்தப் பக்கம் அதிகம் போனதா, அந்தப் பக்கம் அதிகம் போனதா என்று மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

அந்த முதல் கோடையில் காதுமரக் கன்று இலையெல்லாம் உதிர்த்துக் குச்சியாக நின்றது. காலையில் அதைப் பார்த்தவர் யாதிராவைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினார். நர்ஸ் குழந்தையைத் தூக்கி, புரட்டி, நாக்கைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கா? என்ன பண்ணுது இவளுக்கு?" என்று கேட்டாள்.

"இவளுக்கு ஒண்ணும் இல்ல. மரத்துக்குத்தான்…" என்றார்.

அதிலிருந்து அந்த நர்ஸ் எங்களைக் கண்டால் முதலில் மரத்தை விசாரித்துவிட்டுத்தான் எங்களை விசாரிப்பாள்.

அடுத்த வருஷம் ஒன்றை எடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் சொன்னார். அவளுக்கு அம்மை போட்டபோது இரண்டு மரத்தையும் போய்ப் பார்த்தார். அவள் குதிரையிலிருந்து விழுந்த அன்று தூங்குமூஞ்சியில் ஒரு சின்னக் கிளை ஒடிந்திருந்தது. அப்படியானால் அதுதான் என்றார். அவள் பரீட்சையில் முதலாவதாக வந்த வருஷம் காதுமரம் முதன்முதலாகப் பூத்தது. அப்படியானால் இதுதானோ என்றார். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வளர்ந்தன. தூங்குமூஞ்சி மேய்ச்சல் பக்கம் சாய்ந்தது, காதுமரம் வீட்டுப்பக்கம் சாய்ந்தது. நாங்கள் ஓடு போட்டுக் கட்டிய சமையலறையின் மேல் அதன் பெரிய கிளை எருதின் உடம்பு மாதிரி நீண்டு படுத்தது.

யாதிரா இருபது வயதில் தன் புருஷன் வில்மரோடு எல்லை தாண்டிக் கோஸ்தாரிக்காவுக்குப் போனாள். அன்னாசி அடுக்கும் கொட்டகையில் இருவருக்கும் வேலை. எர்மெலிந்தா அவள் போன அன்றே சொன்னாள்: "அடுப்படியில பொதைச்சிருந்தா போயிருப்பாளா?" அவர் பால் கறக்கும் வாளியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். அது பால் கறக்கும் நேரமே இல்லை.

மூன்று வருஷம் கழித்து யாதிரா கர்ப்பமானாள். ஏழாம் மாதம் ரத்த அழுத்தம் ஏறி, முகமும் காலும் வீங்கி, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். குழந்தை வெளியே வரும்வரை அங்கேயே கிடக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. பின்னால் உள்ள மேட்டின் உச்சிக்கு ஏறினால்தான் கிடைக்கும். அவர் தினமும் பால் கறந்த கையோடு மேட்டுக்கு ஏறுவார்.

அந்தக் கோடையின் கடைசிக் காற்றில்தான் காதுமரக் கிளை விரிசல் விட்டது. அது அடிமரத்தோடு சேரும் இடத்தில் ஒரு கோடு. அதிலிருந்து பிசின் வழிந்தது, எறும்பு ஏறியது. பஸ்குவால் வந்து ஏணி போட்டு ஏறி, பிளவில் கத்தியின் நுனியை விட்டுப் பார்த்தார். கத்தி கைப்பிடி வரை போனது.

"இதை எடுத்துடணும் கொம்பாத்ரே. இப்பத்தான் துளிர் விடுது, கனம் இல்ல. மழை வந்து எலை நனைஞ்சா சொல்லிட்டு வராது. கொம்மாத்ரே அடுப்புல நின்னுக்கிட்டிருப்பாங்க."

"எது பிள்ளையோட மரம்னு மொதல்ல தெரியணும்."

"ரெண்டுல ஒண்ணு."

"அதைத்தானே இருபத்துமூணு வருஷமா நானும் சொல்றேன்!"

"அப்போ சரியாத்தான் சொல்லிட்டிருக்கீங்க" என்றார் பஸ்குவால். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிளையின் கீழேதான் தினமும் நான் சோளரொட்டி தட்டினேன். மகள் அங்கே ஒரு கட்டிலில் கிடந்தாள். எனக்குக் கொடியில் நம்பிக்கை இல்லை, படித்தவள். ஆனால் கிளையை இப்போதே வெட்டுங்கள் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

மேட்டுக்குப் போய் மகளிடமே கேட்டார். காது சரியாகக் கேட்காததால் போனைச் சத்தமாகப் போட்டுத்தான் பேசுவார்.

"யாதிரா, அந்த ரெண்டு மரத்துல எது உன்னோடதுன்னு நீ நெனச்சிருக்கே?"

"சின்னப் பிள்ளையில காதுமரம்னு நெனச்சேன்பா. நான் பேசுனா அது கேக்கும்னு. அப்புறம் அத்தை, நீ எழுந்திரிக்கிற நேரத்தைப் பாத்தா தூங்குமூஞ்சிதான்னாங்க. ஏன்ப்பா?"

"சும்மாதான்."

"வெட்டப் போறீங்களா? வெட்டுங்க. அம்மா தலைமேல விழுந்துடப் போகுது."

"அப்படியெல்லாம் சொல்லாத!" என்று கத்தினார். போனை அணைத்தபின் என்னிடம், "பாத்தியா, எவ்வளவு சாதாரணமாச் சொல்றா. உடம்புல தெம்பு இல்ல, அதான்" என்றார்.

மறுநாள் இரண்டு மரத்துக்கும் நடுவில் தோண்டினார். கொடியைத் தேடவில்லை, அது மண்ணாகிப் பல வருஷம் இருக்கும் என்று அவருக்கும் தெரியும். எந்த மரத்தின் வேர் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்று பார்க்கத்தான். மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் தோண்டினார். இரண்டு மரத்தின் வேரும் அங்கே இருந்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒன்றை ஒன்று அழுத்தி, சில இடத்தில் எது எங்கே முடிகிறது என்று தெரியாமல். மண்ணைத் திரும்பத் தள்ளி, குழந்தையைத் தட்டுவது போலத் தட்டி மூடினார்.

"வேர் எதையும் அறுத்துட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒரு சின்னது" என்றார். மண்கையோடு மேட்டுக்கு ஓடினார்.

அவள் நன்றாக இருந்தாள். அதிலிருந்துதான் அவருக்கு வழி கிடைத்தது. கிளையை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது. ஒரு துண்டு வெட்டியதும் மேட்டுக்குப் போய் அவளிடம் பேசுவது. அவளுக்கு ஒன்றும் இல்லை என்றால் அடுத்த துண்டு. பஸ்குவால் தன் மோட்டார் ரம்பத்தைக் கொண்டுவந்தார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். "அவ்வளவு வேகத்தை அவ தாங்கமாட்டா." கைரம்பத்தோடு, இடுப்பில் கயிறு கட்டி, தானே ஏறினார். காதுமரத்தின் தூள் மூக்கில் ஏறினால் காரமாக இருக்கும். மேலே அவர் தும்மத் தும்மக் கிளை அதிர்ந்தது, கீழே நான் அதிர்ந்தேன்.

வேலியோரம் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"எவரிஸ்தோ! இன்னிக்கு எந்த வெரலை வெட்டுறீங்க?"

"சும்மா இருங்கப்பா, டாக்டர் ஆபரேஷன்ல இருக்காரு!"

"இந்த வேகத்துல போனா, கொம்பாத்ரே," என்றார் பஸ்குவால், "பேரன் வளந்து வந்து மிச்சத்தை வெட்டிக்குவான்."

அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு துண்டு விழும், ஏணியில் இறங்குவார், மேட்டுக்கு ஏறுவார். மேலிருந்து அவர் குரல் கேட்கும். "எப்படி இருக்கே? தலை வலிக்குதா? கண்ணு மங்குதா? சரி, சரி, சும்மாதான் கேட்டேன்." இறங்கிவந்து ரம்பத்தை எடுப்பார். யாதிரா என்னிடம் தனியாகக் கேட்டாள், "அம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு? மணிக்கு ஒருதரம் கூப்புடறாரு. பக்கத்துக் கட்டில் பொம்பளைங்களுக்கெல்லாம் அவர் கொரல் தெரிஞ்சுபோச்சு."

இப்படிப் பிளவு இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது சான் இசித்ரோ திருநாள் வந்துவிட்டது. உழவர்களின் புனிதர் அவர். அன்று அவர் சிலையை வயல் வழியாகத் தூக்கிக்கொண்டு போய் மழை கேட்போம். காலையில் எவரிஸ்தோ அந்தத் தடித்த அடிக்கிளையில் பாதி ஆழத்துக்கு ரம்பத்தை இறக்கிவிட்டு, வழக்கம்போல மேட்டுக்குப் போனார். யாதிரா போனை எடுக்கவில்லை. வில்மரும் எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. இறங்கிவந்து ரம்பத்தைத் தொடாமல் நின்றார். அது மரத்துக்குள் அப்படியே சொருகி நின்றது.

"அவ தூங்கியிருப்பா" என்றேன்.

"வில்மருமா?"

ஊர்வலம் எங்கள் வேலியைத் தாண்டியது. ஊரே மழைக்குப் பாடிக்கொண்டு போனது. இவரும் ஒரு மெழுகுவத்தியோடு கடைசியில் போனார், பாடாமல். பஸ்குவால் பின்பு சொன்னார், சிலைக்குப் பக்கத்தில் போய் இவர் மெதுவாக, "இன்னும் ரெண்டு நாள் வேண்டாம் சாமி, ரெண்டே நாள்" என்று கேட்டாராம். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "யோவ், நாங்க அம்பது பேர் கேக்குறோம், நீ ஒத்த ஆளு நிறுத்துறியா?" என்று விரட்டினாராம்.

ஐம்பது பேர் கேட்டதுதான் நடந்தது. மத்தியானம் தாண்டி மேற்கே கறுத்தது. தூங்குமூஞ்சி நேரத்துக்கு முன்பே இலையை மூடிக்கொண்டது. நான் சமையலறையிலிருந்து பாத்திரங்களை, மாவை, பீன்ஸ் மூட்டையை வீட்டுக்குள் இழுத்தேன். அவர் கொட்டிலிலிருந்து ஒரு உத்தரக் கட்டையைப் பிடுங்கிவந்து கிளைக்கு முட்டுக் கொடுக்கப் போனார். முதல் துளி விழுந்தது. பாதி அறுத்த கிளை, பிளந்த கவட்டை, நனையும் துளிர், அதற்குக் கீழே கட்டையைத் தோளில் தாங்கியபடி அவர்.

"வெளிய வாங்க! விட்டுட்டு வாங்க!"

"நீ உள்ள போ! இது விழுந்தா அவ…"

"இது விழுந்தா நீங்க!"

அவர் அசையவில்லை. மழை கொட்டியது. கிளை ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு முனகல் முனகியது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்த மெலிந்த உடம்புக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பஸ்குவால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"கொம்பாத்ரே, நீங்க செத்துட்டா நாளைக்கு மேட்டுல ஏறிப் போன் பேச யார் இருக்கா? எனக்கு மூட்டுவலி, நான் ஏறமாட்டேன்."

அந்தப் பேச்சுதான் அவரை வெளியே கொண்டுவந்தது. கட்டையைக் கிளைக்கும் தரைக்கும் நடுவில் இறுக்கி நிறுத்திவிட்டு வந்தார். மூவரும் வீட்டின் முன்பக்கம் போய் நனைந்தபடி நின்றோம். ஒவ்வொரு இடிக்கும் அவர் உதடு ஏதோ சொன்னது.

கிளை விழவில்லை. விடிந்ததும் மேட்டுக்கு ஏறினார், நானும் கூடவே ஏறினேன். போன் அவர் கையிலேயே அடித்தது. வில்மர்.

"மாமா, பையன். அவசரமா ஆபரேஷன் பண்ணிட்டாங்க. பையனைக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. சின்னதா இருக்கான், ஆனா கத்துறான். யாதிராவுக்கு ரத்தம் நெறையப் போச்சு. முழிச்சிருக்கா. இன்னும் பயம் போகலைன்னு சொல்றாங்க."

"எப்போ பண்ணாங்க? நேரம் என்ன?"

"நேத்து காலையில. நேரமெல்லாம் பாக்கல மாமா."

நான் அழுதேன். அவர் அழவில்லை. கீழே தெரிந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரம்பத்தின் பிடி வெயிலில் மின்னியது.

"பாதியில விட்டுட்டேன் ஒத்தில்யா" என்றார். "நான் பாதி வெட்டி நிறுத்திட்டேன். அதான் அவளும் பாதியில நிக்கிறா. அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம."

நேற்று வரை வெட்டுவதற்குப் பயந்தவர் இப்போது வெட்டாமல் இருப்பதற்குப் பயந்தார். அன்றே முடிக்கவேண்டும், மோட்டார் ரம்பத்தால், ஒரே மூச்சில். ஆனால் அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தார். பஸ்குவால் வெட்டுவார். இவர் மேட்டின்மேல் நின்று யாதிராவோடு போனில் இருப்பார், வெட்டி முடியும்வரை போனை வைக்கமாட்டார். அவள் குரலில் ஒரு மாற்றம் தெரிந்தால் நிறுத்தச் சொல்லலாம். நான் அவர் பக்கத்தில் நின்று என் சிவப்பு ஏப்ரனை வீசவேண்டும். ஒருமுறை வீசினால் ஆரம்பி. தலைக்குமேல் சுற்றினால் நிறுத்து.

வில்மர் போனை அவள் காதருகே வைத்தான்.

"அப்பா… பேச முடியலப்பா. தையல் வலிக்குது."

"நீ பேச வேண்டாம். மூச்சு விடு, போதும். நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

எனக்குத் தலையசைத்தார். வீசினேன். கீழே மோட்டார் உறுமியது.

"என்னப்பா சத்தம்?"

"கொம்பாத்ரே வெறகு வெட்டறாரு. வலி கூடுதா?"

"இல்ல."

ரம்பம் மரத்தில் இறங்கும் சத்தம் மாறியது. கனத்தது.

"இப்போ?"

"இல்லப்பா."

"இப்போ?"

"அப்பா, ஏன் இப்படி…"

அவர் கை என் முழங்கையைப் பிடித்தது. ஏப்ரனை எப்போது வேண்டுமானாலும் சுற்றலாம் என்று நான் கையைத் தூக்கியே வைத்திருந்தேன். கீழே கிளை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு முட்டுக்கட்டையைத் தள்ளிக்கொண்டு, சமையலறைக் கூரையின் ஒரு மூலையை உரசி, தரையில் விழுந்தது. மேட்டுவரை அதிர்ந்தது. ஓடுகள் சரிந்தன. அவர் கண்ணை மூடியிருந்தார்.

"யாதிரா?"

போனில் ஒன்றும் இல்லை.

"யாதிரா! வில்மர்!"

ஏதோ உருளும் சத்தம், யாரோ தூரத்தில் பேசும் சத்தம். நான் அந்தப் போனைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு அவள் குரல்.

"இருக்கேன்ப்பா. நர்ஸ் வந்துட்டாங்க. பிள்ளையைப் பாக்கக் கூட்டிட்டுப் போறாங்களாம். நாற்காலில வச்சுத் தள்ளிட்டுப் போவாங்களாம். நான் வைக்கட்டுமா?"

"வை. வை மகளே" என்றார்.

போனைச் சட்டைப்பையில் போட்டார், எடுத்துப் பார்த்தார், மறுபடி போட்டார். கீழே பஸ்குவால் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். இவர் பதிலுக்கு ஆட்டவில்லை.

"அவளுக்கு ஒண்ணுமே தெரியல" என்றார் மெதுவாக. "கிளையே போச்சு. ஒரு கூச்சம்கூட இல்ல அவளுக்கு. அப்போ அது இல்ல ஒத்தில்யா. அது அவளோடது இல்ல."

இருபத்துமூன்று வருஷத்துக் கேள்வி அப்படித்தான் முடிந்தது. அவர் கணக்கு சரியா என்று நான் கேட்கவில்லை. அவர் இறங்கி நடந்தார், முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. விழுந்த கிளையைத் தாண்டி, அதைப் பார்க்காமலே நடந்தார். காதுமரத்தில் அதற்குமுன் ஒரு கயிறு கட்டக்கூட யாரையும் விடமாட்டார். அன்று தாண்டிப் போகிறபோது வழியில் அவிழ்ந்து நின்ற மாட்டுக்கன்றைப் பிடித்து அதில் கட்டிவிட்டு நேராகத் தூங்குமூஞ்சியின் அடிக்குப் போனார். தடவினார், சுற்றிவந்தார், அண்ணாந்து பார்த்தார். அதன்பின் இருந்த வருஷங்கள் முழுக்க அவர் அந்த ஒரு மரத்தைத்தான் பார்த்தார். மற்றதன் நிழலில் படுத்துக் குறட்டை விடுவார், அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அன்று நான் இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது அவர் மரத்தடியில் குந்தி, கையில் எதையோ வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா" என்றார். "இதைப் பாரு. ஒரு எலை பழுத்திருக்கு. இந்த மாசத்துல பழுக்குமா?"